இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றுக் கேட்டேன்

ஒரு பொருளைக் கொள்முதல் செய்யும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் தேவையை எழுத்தில் பெற்று, அவருடைய கையெழுத்தையும் வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். நான் வேலைபார்த்த அரசுத் துறையின் கிடங்குப் பிரிவில் இதுதான் முதல் விதி. விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், பரிந்துரை, ஒப்புதல் எல்லாம் இதற்குப் பிறகுதான். கையெழுத்து இல்லாத தேவைப் பட்டியலை என் மேசை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் தன் அறைக்கு மின்விசிறி கேட்டு எழுதியதையும் திருப்பி அனுப்பினேன். அந்தக் காற்று அவருக்குத்தான் என்பதற்குக் கோப்பில் ஆதாரம் இல்லை.

அப்படிப்பட்ட நான், ஓய்வுபெற்ற பிறகு என் சொந்த வீட்டுக்காகச் செய்த ஒரே பெரிய கொள்முதலில் இந்த விதியை மறந்தேன். வாங்கிய பொருள், காரில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் உட்காரும் டார்க் கன்வெர்ட்டர், லாக்-அப் வகை. இன்று சங்கரன்கோவிலில் அந்தப் பொருளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மெக்கானிக். இன்னொருவர் என் மனைவி. மூன்றாவது இடத்துக்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது.

ஓய்வுபெற்றவர்கள் கார் வாங்கினால் அதற்கு ஒரு மரபு உண்டு. வெள்ளை நிறம், சின்ன எஞ்சின், பின் கண்ணாடியில் சாமி பெயர். நான் வாங்கியது டர்போ வைத்த பெட்ரோல் வண்டி, கியர் தானாகவே மாறுவது. கடையநல்லூரில் ஒருவர் வளைகுடாவுக்குத் திரும்பிப் போகிற அவசரத்தில் விற்றார். ஊரில் இருந்த சில மாதங்களில் அவர் எஞ்சினின் கணினியைத் திறந்து அதன் சக்தியை ஏற்றிவைத்திருந்தார். சாலையில் காலை அழுத்தினால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அதுவரை என் வாழ்க்கையில் எதுவும் அந்த வேகத்தில் நகர்ந்ததில்லை என்பதால் உடனே வாங்கிவிட்டேன்.

ஆனால் வேகத்துக்காக மட்டும் வாங்கவில்லை. என் மனைவி கருவூலத்தில் அதிகாரியாக இருந்தவள். என்னை ஒரு ஊருக்கும் அவளை வேறு ஊருக்கும் மாற்றி, பதினொரு வருஷம் எங்களைச் சனி ஞாயிறுக் கணவன் மனைவியாகவே அரசாங்கம் வைத்திருந்தது. மற்ற நாட்களில் அவள் ஒரு பேருந்திலும் நான் ஒரு பேருந்திலும் போனோம். ஓய்வுபெற்றதும் இருவரும் ஒரே வண்டியில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். முடிவு என்னுடையது. அவளிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. இந்தக் கதையில் அதுவே முதல் குற்றம்.

வியாழக்கிழமைதோறும் அவள் வாசுதேவநல்லூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போவாள். முதல் வியாழக்கிழமை வண்டியில் கிளம்பினோம். ஊர் தாண்டிச் சாலை விரிந்ததும் வண்டி நடுங்கத் தொடங்கியது. குண்டும் குழியுமான சாலையில் போவதுபோல, ஆனால் சாலையோ புதிதாகப் போட்டது. சில நொடி நடுங்கும், நிற்கும், மறுபடி நடுங்கும்.

"என்ன, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றாள்.

"டர்போ வண்டி அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. தெரியாததை உறுதியாகச் சொல்வது என் பணிக்காலத்தின் சொத்து.

"டர்போ உங்களுக்கு. குமட்டல் எனக்கு. அந்த எலுமிச்சங்கா மார்க்கெட் பக்கத்துல நிப்பாட்டுங்க."

புளியங்குடியில் நிறுத்தினேன். குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். பழம் வாங்கினாள், முகர்ந்தாள், அங்கே நின்றுகொண்டிருந்த வாசுதேவநல்லூர்ப் பேருந்தில் ஏறிவிட்டாள். ஏறிய படியில் நின்று, "நீங்க பின்னால வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பின்னால் போனேன். கரும்புகை கக்கும் ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால், அதன் வேகத்தில், அது நின்ற இடத்தில் எல்லாம் நின்று, வாசுதேவநல்லூர் வரைக்கும் என் டர்போ வண்டி போனது. அவள் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் தலையைக் குனிந்து எதையோ எழுதினாள். வீட்டுச் சாமான் பட்டியல் என்று நினைத்தேன்.

அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள். "இனி அதுல ஏற மாட்டேன். எனக்கு பஸ் இருக்கு. பொம்பளையளுக்கு டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது."

"அப்போ வண்டி?"

"நீங்க ஆசைப்பட்டு வாங்குனது. நீங்க ஓட்டுங்க."

அக்கா வீட்டுக்காரர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நல்ல வண்டிதான் அண்ணாச்சி. கொடுக்கதா இருந்தா சொல்லுங்க" என்றார். எலுமிச்சை வியாபாரத்தில் இருப்பவர். வாடத் தொடங்கிய சரக்கு அவர் கண்ணுக்குத் தப்பாது.

அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போனேன். கடையநல்லூர்க்காரர், பாய் என்று கூப்பிடுவோம். பல வருஷம் வளைகுடாவில் தானியங்கி கியர்பெட்டிகளை மட்டுமே பிரித்து மாட்டிவிட்டு, திரும்பி வந்து சங்கரன்கோவிலில் தகரக் கொட்டகை போட்டிருப்பவர். ஊரில் பெரும்பாலான வண்டிகள் கையால் கியர் மாற்றுபவை என்பதால், அவருடைய படிப்புக்கு இங்கே வேலை குறைவு. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"எப்ப நடுங்குது அண்ணாச்சி?"

"எப்பவும்."

"எப்பவும்னா? கெளம்பும்போதா, ஓடும்போதா, நிப்பாட்டும்போதா?"

"எல்லா நேரமும்தான் பாய்."

அது பொய். ஆனால் என் துறையில் அதுதான் நடைமுறை. 'மேற்படி இயந்திரம் சில சமயம் பழுதாகிறது' என்று எழுதினால் அந்தக் கோப்பு அலமாரியில் தூங்கும். 'எப்போதும் பழுதாகிறது, பணி முற்றிலும் பாதிக்கப்படுகிறது' என்று எழுதினால்தான் யாராவது எழுந்து வருவார்கள். பல வருஷம் அப்படி எழுதியவனுக்கு 'சில சமயம்' என்ற சொல்லே வாயில் வராது.

பாய் வண்டியை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் சாலையில் கொஞ்ச தூரம் போய் வந்தார். "எனக்கு ஒண்ணும் நடுங்கலியே" என்றார்.

"நீங்க மிதிச்சு ஓட்டுதீங்க பாய்."

"ஆமா, டர்போ வண்டியை மிதிக்காம என்ன செய்ய?"

அந்த இடத்தில் நாங்கள் இருவரும் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவர் கியர்பெட்டி எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி விரலில் தொட்டுக் காட்டினார். கறுப்பாக இருந்தது. தீய்ந்த வாடை வந்தது. "லாக்-அப் கிளச்சு கருகிப் போச்சு. கன்வெர்ட்டரை மாத்தணும்."

கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று அவர் எனக்கு விளக்கிய விதம் நன்றாக இருந்தது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுற்றவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரு கிண்ணத்துக்குள் அடைத்தால் அதுதான் கன்வெர்ட்டர். ஒரு விசிறி எஞ்சினோடு, இன்னொன்று கியரோடு. வண்டி நிற்கும்போது எஞ்சின் அணையாமல் இருப்பது இதனால்தான். ஆனால் முதல் விசிறி சுற்றுகிற அளவுக்கு இரண்டாவது சுற்றாது. நடுவில் கொஞ்சம் நழுவும், நழுவியது சூடாக மாறும். எனக்கு உடனே புரிந்தது. தலைமை அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் நடுவில் நடப்பதும் இதுதான்.

"வேகம் வந்த பொறவு அந்த நழுவல் வேண்டாம்லா?" என்றார் பாய். "அப்ப உள்ளுக்குள்ள ஒரு கிளச்சு ரெண்டையும் சேத்துப் பிடிச்சுக்கிடும். அதுதான் லாக்-அப். பழைய ஓனர் எஞ்சின் பலத்தை ஏத்திட்டாரு. கிளச்சு கம்பெனி போட்ட சின்னக் கிளச்சுதான். தாங்குமா? நழுவி நழுவிக் கருகிட்டு."

கம்பெனியின் அதே கன்வெர்ட்டரைப் போட்டால் அதுவும் ஒருநாள் கருகும். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் பழைய கன்வெர்ட்டரை அறுத்துத் திறந்து, வேண்டியபடி உள்ளே மாற்றி, திரும்ப வெல்டிங் வைத்துத் தருகிறார்கள் என்றார். அவர்களுக்கு எழுதினேன். மறுநாள் அவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது.

படிவத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. கார் தெரியாது, எண்ணெய் தெரியாது, ஆனால் படிவம் தெரியும். வண்டியின் எடை, எஞ்சின் பலம், டயர் அளவு எல்லாவற்றையும் பதிவுச் சான்றிலிருந்தும் பழைய உரிமையாளரின் காகிதங்களிலிருந்தும் எடுத்து நிரப்பினேன். கன்வெர்ட்டரை மாற்றினால் பதிவுச் சான்றில் திருத்தம் வேண்டுமா என்றும் பார்த்தேன். அதற்கு அதில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை.

'பயன்பாடு' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: ஊருக்குள், நெடுஞ்சாலை, பந்தயம். மூன்றிலும் டிக் போட்டேன். ஒன்றை விட்டுவிட்டால் பிற்பாடு அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள்.

'லாக்-அப் தட்டுகள்' என்ற இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்தது. மூன்று என்று எழுதினேன்.

அதன்பின் வந்தது 'ஸ்டால் வேகம்'. பாயிடம் கேட்டேன்.

"பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டரையும் முழுசா மிதிச்சா, எஞ்சின் எத்தனை சுத்து வரைக்கும் போய் முட்டி நிக்குமோ அது. அந்தச் சுத்துக்குக் கீழ கன்வெர்ட்டர் இளக்கமாத்தான் இருக்கும், சரியாப் பிடிக்காது. பந்தய வண்டிக்கு ஏத்தி வைப்பாங்க, அப்பதான் டர்போ காத்து சீக்கிரம் ஏறும். நமக்கு கம்பெனி வச்ச ரெண்டாயிரமே போதும். ரொம்ப ஆசைன்னா ரெண்டாயிரத்து இருநூறு."

நான் இரண்டாயிரத்து எண்ணூறு என்று எழுதினேன்.

பாய் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி இது? நான் இருநூறுன்னேன், நீங்க எண்ணூறு போடுதீய!"

"பாய், உங்களுக்கு நடைமுறை தெரியாது. எட்டு நாற்காலி வேணும்னா பன்னிரண்டு கேக்கணும். மேல போகும்போது குறைப்பாங்க. இருநூறு கேட்டா கம்பெனி அளவையே திருப்பித் தருவாங்க. எண்ணூறு கேட்டாத்தான் இருநூறாவது கிடைக்கும்."

"இது நாற்காலி இல்ல அண்ணாச்சி."

"எல்லாம் ஒண்ணுதான்."

"மூணு தட்டு வேற போட்டிருக்கீய. அது பிடிக்கும்போது மண்டையில அடிச்ச மாதிரி இருக்கும்."

"ஒண்ணைக் குறைச்சு ரெண்டு தருவாங்க, பாருங்க."

பாய் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். என் தன்னம்பிக்கையைப் பார்த்து, கோயம்புத்தூரில் எனக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

ஒரு மாதத்தில் கன்வெர்ட்டர் மரப்பெட்டியில் வந்தது. பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டில், நான் படிவத்தில் எழுதிய அத்தனையும் அப்படியே அச்சாகியிருந்தது. மூன்று தட்டு. இரண்டாயிரத்து எண்ணூறு. எங்கும் ஒரு திருத்தம் இல்லை, ஒரு அடித்தல் இல்லை. என் ஆயுளில் ஒரு கோரிக்கை குறைக்கப்படாமல் நிறைவேறியதை அன்றுதான் பார்த்தேன். பயம் வந்தது.

பாய் மாட்டிக் கொடுத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கோவில் பக்கம் போனேன். வெள்ளிக்கிழமை, ரத வீதியில் கூட்டம். ஆக்சிலேட்டரைத் தொட்டேன், எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. இன்னும் தொட்டேன், இன்னும் கத்தியது, வண்டி ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு முழம் நகர்ந்தது. பூக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. கியர்பெட்டி எண்ணெயின் சூட்டைக் காட்டுவதற்குப் பாய் வைத்துக் கொடுத்திருந்த முள், வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருவதற்குள் பாதி வட்டம் ஏறியிருந்தது.

கோவிலிலிருந்து வெளியே வந்த என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்னைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்துவிட்டேன். "புதுசு போட்டாச்சு. உட்காரு. நடுக்கமே இல்லை."

நம்பி உட்கார்ந்தாள். அவளை நம்பவைப்பது எளிதல்ல. ஆட்சேபம் எழுதாமல் எந்தப் பட்டியலையும் அனுப்பாத கை அது. கூட்டத்தைத் தாண்டி வெளிச் சாலைக்கு வந்தேன். வேகம் ஏறியதும் லாக்-அப் பிடித்தது. மூன்று தட்டும் சேர்ந்து பிடித்ததில், பின்னாலிருந்து யாரோ லாரியால் இடித்ததுபோல வண்டி குதித்தது. அவள் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து தேங்காய் மூடி என் காலடியில் போய் விழுந்தது.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன்.

"நடுக்கம் இல்லைன்னு சொன்னீய, சரிதான். ஆனா இவ்வளவு சத்தம் போட்டு, இவ்வளவு சூடாகி, நகர்ந்தது இவ்வளவுதானா? உங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு."

தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டாள்.

கோயம்புத்தூருக்கு போன் செய்தேன். பட்டறை உரிமையாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நீங்க கேட்டதைத்தானுங்க சார் செஞ்சு குடுத்தோம்."

"கேட்டேன். ஆனா குறைச்சுத் தருவீங்கன்னு நினைச்சேன்."

"எதுக்குங்க சார் குறைக்கோணும்?"

இந்தக் கேள்வியை என் பணிக்காலத்தில் யாரும் கேட்டதில்லை. அவரே தொடர்ந்தார். "பந்தயத்துக்கும் டிக் போட்டிருந்தீங்க. வயசு கேக்கற கட்டம் எங்க படிவத்துல இல்லீங்க. நாங்க தம்பி யாரோன்னு நினைச்சுட்டோம்."

திரும்ப அறுத்து மாற்றித் தருவதாகச் சொன்னார். ஆனால் இந்தத் தடவை சரியான விவரம் வேண்டும் என்றார். எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எத்தனை பேரோடு, எப்போது என்ன தொந்தரவு வந்தது. "வண்டியில உக்காரறவங்ககிட்டக் கேட்டு எழுதுங்க சார்" என்றார். கிடங்குப் பிரிவின் முதல் விதியை, அந்தப் பிரிவின் வாசலைக்கூட மிதிக்காத ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

வண்டி பாயின் கொட்டகையில் ஏறியது. கன்வெர்ட்டரை இறக்கி ஓரத்தில் வைத்தார்.

அன்று மாலையே முழுத்தாளில் ஒரு தேவைப் பட்டியல் தயாரித்தேன். பயன்படுத்துகிறவர்: மனைவி. கேள்விகள் ஆறு. எங்கே போக வேண்டும்? எந்த இருக்கை? எந்த வேகம் வசதி? முதல் பயணத்தில் கவனித்த குறைகள் யாவை? இரண்டாம் பயணத்தில்? வேறு ஏதேனும்? கீழே கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டு, சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தேன்.

பார்த்தாள். படித்தாள். உப்பை எடுத்துக்கொண்டு ஜாடியைத் திரும்ப அதன்மேலேயே வைத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "பரிசீலனையில இருக்கு" என்றாள்.

முதல் நினைவூட்டு வைத்தேன். பதில் இல்லை. இரண்டாம் நினைவூட்டில் 'இது மிக அவசரம்' என்று அடிக்கோடிட்டேன். அதற்கு வாய்மொழியாக ஒரு பதில் வந்தது. "எல்லாத்தையும் மிக அவசரம்னு போட்டா, எது அவசரம்னு மேசைக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷம் உங்க மாதிரி ஆளுங்க அனுப்புன பட்டியலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வியாழக்கிழமைகள் போயின. அவள் காலையில் பேருந்துக்குக் கிளம்பிப் போவாள், மாலையில் திரும்புவாள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வந்து போனது. ஊரே சாலையில் இருந்தது, என் வண்டி மட்டும் கொட்டகையில் இருந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர் போன் செய்து, வண்டியை இன்னும் கொடுக்கிற எண்ணம் இல்லையா என்று விசாரித்தார். வண்டியைக் கொடுப்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. கொடுத்தால், பக்கத்து இருக்கையில் அவள் வருவாள் என்று நான் வைத்திருந்த கணக்கும் அதோடு போய்விடும். "யோசித்துச் சொல்லுதேன்" என்றேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும், நானே பலருக்கு எழுதியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை பாயின் கொட்டகைக்குப் போனபோது, கன்வெர்ட்டர் இரண்டு துண்டாக அறுபட்டு, உள்ளே இருப்பது தெரியும்படி பலகைமேல் இருந்தது. பக்கத்தில் கருகிப்போன பழைய கம்பெனிக் கன்வெர்ட்டரும் அறுபட்டு இருந்தது.

"எதுக்குப் பாய் அறுத்தீங்க?"

"நானா அறுத்தேன்? அக்கா சொன்னாங்க, அறுத்தேன்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான். போன வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்கன வந்துட்டாங்க. ஒரு மணி நேரம் இருந்தாங்க. ரெண்டையும் அறுத்துக் காட்டச் சொன்னாங்க. இந்தத் தட்டு எதுக்கு, இந்த விசிறி எதுக்கு, கருகுனது எந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் மட்டும் கருகியிருக்கு, எல்லாம் கேட்டாங்க." பாய் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, உங்களைவிட நல்லாக் கேட்டாங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கடைசியா ஒண்ணு மட்டும் கேட்டாங்க. 'காலை மிதிச்சா கிளச்சு இறுக்கிப் பிடிக்கும், லேசாத் தொட்டா லேசாப் பிடிக்கும், அப்படித்தானே பாய்?'ன்னாங்க. ஆமான்னேன். 'அப்போ சரி'ன்னு போயிட்டாங்க."

மறுநாள் காலை காபி குடிக்க உட்கார்ந்தபோது உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது. தாள் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதப்பட்டிருந்தது. தலைப்பில் நான் 'தேவைப் பட்டியல்' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, 'பதில்' என்று திருத்தியிருந்தாள்.

எங்கே போக வேண்டும் என்பதற்கு: வாசுதேவநல்லூர், வியாழக்கிழமை. வேறு எங்கும் போக வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்கவும்.

எந்த இருக்கை: முன்னால்.

எந்த வேகம்: அறுபது. பேருந்து அதற்குமேல் போவதில்லை, ஆனாலும் ஊர் வந்துசேர்கிறது.

முதல் பயணத்தில் கவனித்த குறை என்ற இடத்தில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று இருந்தது. தாளின் மூலையில் ஒரு பேருந்துச் சீட்டு குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு, புளியங்குடியிலிருந்து வாசுதேவநல்லூர். அந்த முதல் வியாழக்கிழமைச் சீட்டு. அதன் பின்பக்கத்தில், ஓடுகிற பேருந்தில் எழுதிய கோணலான எழுத்தில் இருந்தது: 'நடுக்கம் நான்கு முறை. நான்கும் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில். நான்கு முறையும் அவர் காலை லேசாக்கியபோது. மிதித்தபோது ஒருமுறைகூட இல்லை.'

கருவூலத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்சேபத்தைப் பார்த்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும், பிறகு எழுதினால் அது ஞாபகம் ஆகிவிடும். அவள் அந்த இடத்திலேயே எழுதியிருந்தாள். ஐந்து மாதமாக அந்தச் சீட்டு அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்திருக்கிறது. 'எப்போதும் நடுங்குகிறது' என்று நான் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்த நாளில், எப்போது நடுங்கியது என்பதற்கான எழுத்துப்பூர்வ ஆதாரம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

தொடர்ந்து படித்தேன். இரண்டாம் பயணத்துக்கான பதில்: தேங்காய் மூடி விழுந்தது. மற்றவை நேரில் சொல்லப்பட்டன.

வேறு ஏதேனும் என்ற இடத்தில் சிறிய எழுத்தில் நிறைய எழுதியிருந்தாள். நழுவும் கிளச்சுக்கு உராய்வைத் தாங்கும் நல்ல உறை போட்டு, அகலமான ஒரே தட்டு வைத்தால் போதுமானது என்று தெரிகிறது. ஸ்டால் வேகத்தை உயர்த்தியதற்கான காரணம் கோப்பில் இல்லை, எனவே கம்பெனி அளவே இருக்கட்டும். நான் பேருந்தில் போனபோது நீங்கள் பின்னால் வந்தீர்களே, அப்போது வண்டி நடுங்கியதா? பதில் தேவை.

அப்போது வண்டி நடுங்கவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. பேருந்தின் பின் கண்ணாடியில் தெரிந்த தலையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "படிச்சாச்சா?"

"படிச்சேன். நடுங்கல."

"தெரியும். நடுங்கியிருந்தா உங்க மூஞ்சியில தெரிஞ்சிருக்கும்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க அப்பவே கேட்டிருக்கலாம்லா? டர்போ வண்டி அப்படித்தான் இருக்கும்னு உத்தரவு போட்டுட்டீய. உத்தரவுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வியாழக்கிழமை. ஏழே முக்கால் பேருந்து. நான் கோயம்புத்தூர்ப் படிவத்தைப் புதிதாக ஒன்று எடுத்தேன். அவள் எழுதியதைப் பார்த்து வரி வரியாக நிரப்பினேன். ஊருக்குள், ஒரு டிக். நெடுஞ்சாலை, ஒரு டிக். பந்தயம், வெறுமை. தட்டு ஒன்று. ஸ்டால் இரண்டாயிரம். குறை வந்த நேரம், சீட்டில் உள்ளபடி. கேட்டதை அப்படியே தருபவர்களிடம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கேட்பது அவ்வளவு கடினமாக இல்லை, பழக்கம் இல்லாததால்தான் கை கொஞ்சம் தயங்கியது. பயன்படுத்துகிறவர் கையெழுத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை. ஓரத்தில் நானே ஒரு கோடு போட்டேன்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"நேரமாச்சு. பஸ்ல போடுதேன். அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். பின்பக்கத்தில் இரண்டு வரி இருந்தன. வண்டி மேற்கண்டபடி சரிசெய்யப்பட்டு வந்தால் முன் இருக்கையில் உட்கார்வதில் ஆட்சேபம் இல்லை. வண்டி வரும்வரை, வியாழக்கிழமைகளில் மனுதாரர் என்னுடன் பேருந்தில் வரலாம்.

சட்டையை மாட்டி, படிவத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். நடத்துநர் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் காசுக்காகக் கையை நீட்டினார். புளியங்குடி வருவதற்கு முன், ஆடுகிற பேருந்தில், நான் போட்ட கோட்டின்மேல் அவள் கையெழுத்திட்டாள். கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லை, முத்திரை இல்லை, தேதி மட்டும் இருந்தது: ஆவணி மூன்று, வியாழக்கிழமை.